மஞ்சள் மாத்திரை

வெர்போவெ, ரயில்வே கேட்
மார்ச் 12, 2003

தெம்கோ,

இந்தச் செல்லப் பெயரை இனி என் வாயால் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். "தெம்யான் அவர்களுக்கு" என்று எழுதிப் பார்த்தேன். வரி வாங்கும் ஆபீசுக்கு எழுதுவது போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைத் தாள் நம் இருவர் பெயரிலும் வந்த மூன்றாம் நாள், காலை ரயிலுக்குக் கேட் இறக்கப் போனவள் திரும்பி வருவதற்குள் உன் பையும் இல்லை, நீயும் இல்லை. மேசையில் ஒரு துண்டுக் காகிதம். "இத்தாலிக்குப் போகிறேன். மன்னித்துவிடு." ஆறு வருடக் கல்யாணத்துக்கு மூன்று வார்த்தை. நான் தட்டை எறிந்தது உண்மைதான். ஆனால் உன் தலைக்குப் பக்கத்தில்தான் எறிந்தேன், தலையில் இல்லை. அந்த வித்தியாசம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் நகரத்து எய்ட்ஸ் மையத்துக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை பார்க்கும் திரவம் தீர்ந்துவிட்டதென்று இதற்கு நாலு மாதமாக எடுக்காமல் இருந்தார்களாம். லிதியா என்று ஒரு நர்ஸ். நல்ல மாதிரி. அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "ரெண்டு எண்ணு இருக்கும்மா. ஒண்ணு, உன் ரத்தத்துல காவல்காரங்க எத்தனை பேருன்னு. அது ஏறணும். இன்னொண்ணு, கிருமி எத்தனைன்னு. அது இறங்கணும்." நான் சொன்னேன், "நானும் காவல்காரிதான், ரயில்வே கேட்ல." அவள் சிரித்தாள். பிறகு தாளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

என் காவல்காரர்கள் நூற்று நாற்பது பேர். நல்லா இருக்கிற ஆளுக்கு ஆயிரம் வரை இருப்பார்களாம். மருந்து இருக்கிறதாம், ஆனால் இந்த வட்டாரம் முழுவதற்கும் முப்பது பேருக்குத்தான். என் முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன். லிதியா பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

ஊரில் எனக்கு ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மொத்ரியா அக்கா தினமும் ஒரு செம்பு பீட்ரூட் சாறு கொண்டு வந்து, குடித்து முடிக்கும் வரை நின்று பார்க்கிறாள். என் நாக்கு சிவப்பாகவே இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். ஆனால் ஊர்ப் பார்சலெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒஸ்தாப்பின் வேன் ஒவ்வொரு வியாழனும் இங்கிருந்து கிளம்பி ஞாயிறு நேப்பிள்ஸ் போய்ச் சேருகிறது. அது உனக்குத் தெரியும்.

யரீனா


நேப்பிள்ஸ்
மே 18, 2003

யரீன்கா, என் புறாவே,

உன் கடிதத்தை ஒஸ்தாப் என் கையில் கொடுத்தபோது, வேனைச் சுற்றி நம் ஊர்க்காரர்கள் நூறு பேர் பன்றிக்கொழுப்பும் ஊறுகாய் பாட்டிலும் வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றதை ஏழு முறை படித்தேன். பிறகும் எழுதுகிறேன் பார்.

நல்ல சேதி முதலில். ஏப்ரலில் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தேன். சாரத்திலிருந்து இல்லை, தரையில்தான், பயப்படாதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். இங்கே காகிதம் இல்லாதவனுக்கும் ஒரு நம்பர் போட்டுக் கொடுத்து இலவசமாகப் பார்க்கிறார்கள். எட்டுக் குழாய் ரத்தம் எடுத்தார்கள். நம் பசுவிடம்கூட நீ அவ்வளவு கறந்ததில்லை.

என் காவல்காரர்கள் இருநூற்றுப் பத்து. உன்னைவிடக் கொஞ்சம் பணக்காரன். டாக்டரம்மா ஒருத்தி, குட்டையானவள், கத்திக் கத்திப் பேசுவாள். மாத்திரை கொடுத்திருக்கிறாள். கேள், இதுதான் முக்கியம்: இங்கே சட்டப்படி மனைவிக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள், அவள் எந்த நாட்டில் இருந்தாலும். எனக்கு ஒரு டப்பா, உனக்கு ஒரு டப்பா. உன்னுடையதைக் காபி டப்பாவுக்குள் போட்டு அனுப்புகிறேன், எல்லையில் எவனும் கிளறாமல் இருக்க. ஒஸ்தாப்பிடம் காபி என்றே சொல்லியிருக்கிறேன்.

வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மஞ்சள் மாத்திரை படுக்கப் போகும்போது ஒன்று. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. உன் ஆறு மணி ரயிலோடு சேர்த்துக்கொள்.

ஒதெஸா துறைமுகத்தில் அந்த ஒரு வருடம் நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. தட்டை மட்டும் எறிந்தாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அங்கே ஊசியும் இருந்தது, பெண்களும் இருந்தார்கள். எதிலிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. உனக்கு எதிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

உன் தெம்கோ


வெர்போவெ
ஜூலை 9, 2003

தெம்கோ,

மாத்திரை வந்தது. இரண்டாவது டப்பாவும் வந்துவிட்டது. இத்தாலிக்காரர்கள் நல்லவர்கள். முகம் தெரியாத என்மேல் இத்தனை அக்கறை. நம் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் செத்துப் பிழைத்தேன். உடம்பெல்லாம் தடித்தது. தலை சுற்றி, சரக்கு ரயில் வரப் பத்து நிமிடம் இருக்கும்போதே கேட்டை இறக்கிவிட்டேன். டிராக்டர் ஓட்டுகிற சவா கத்தினான், "யரீனா, ரயிலு வருதா இல்ல உனக்குக் காதுலதான் கேக்குதா?" இப்போது சரியாகிவிட்டது.

ஆனால் அந்த மஞ்சள் மாத்திரை! அதைப் போட்டுப் படுத்தால் கனவு வருகிறது, தெம்கோ. சாதாரணக் கனவு இல்லை. மணக்கிற கனவு, தொட முடிகிற கனவு. எனக்கு நீதான் வருகிறாய். நேற்று நிலக்கரி ரயிலின் மேல் உட்கார்ந்து வந்தாய். கேட் அருகே ரயில் நிற்கவில்லை. நீ குதித்தாய். கரி படிந்த கையோடு என் வெள்ளைத் தலைத்துணியைப் பிடித்தாய், நான் திட்டினேன். விழித்ததும் தலைத்துணியை எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது, அழுக்காக இருந்திருக்கலாமே என்று.

லிதியாவிடம் கேட்டேன். அந்த மாத்திரையின் குணமே அதுதானாம். எல்லாருக்கும் வருமாம்.

உனக்கும் கனவு வருமே? யார் வருகிறார்கள்? உண்மையைச் சொல். இத்தாலிக்காரி வந்தால் அதையும் சொல். தட்டு ஒன்று மிச்சம் இருக்கிறது.

யரீனா


நேப்பிள்ஸ்
அக்டோபர் 12, 2003

யரீன்கா,

அவசரமாக எழுதுகிறேன், ஒஸ்தாப் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறான்.

எனக்குக் கனவு வருவதில்லை. சிமெண்ட் மூட்டை சுமந்தவனுக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் மூட்டை மாதிரிதான் தூங்குவான். நீ உன் கனவை எழுது, எனக்கு அது போதும். தலைத்துணிக் கனவை எங்கள் அறையில் படுத்திருக்கும் நாலு பேருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

என் எண் முந்நூற்று இருபது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் இருமல், சிமெண்ட் தூசி, வேறொன்றுமில்லை.

மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே.

தெம்கோ


வெர்போவெ
பிப்ரவரி 18, 2004

தெம்கோ, தெம்கோ, தெம்கோ,

உட்கார்ந்து படி. என் ரத்தம் வந்துவிட்டது.

காவல்காரர்கள் இருநூற்றுத் தொண்ணூறு! கிருமி எவ்வளவு தெரியுமா? எந்திரத்துக்குத் தெரியவில்லையாம். அதற்காக இல்லாமல் போய்விட்டதென்று நினைக்காதே என்று லிதியா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "ஒளிஞ்சிருக்கும்மா, செத்துப் போகல. நீ மாத்திரைய நிறுத்துன அன்னிக்கு வெளிய வரும்." சரி, ஒளிந்திருக்கட்டும். நானும் ஒளிந்துதான் வாழ்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் முகத்தைச் சன்னல் கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் வந்திருக்கிறது. மொத்ரியா அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, எல்லாம் தன் பீட்ரூட் மகிமை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் அவளிடம் வைத்தியத்துக்கு வந்துவிட்டார்கள்.

உன்மேல் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. எந்திரத்துக்கும் தெரியாது போல.

ஈஸ்டருக்கு வா. இரண்டு ரொட்டி சுடுகிறேன், ஒன்றை நீ மட்டும் தின்னலாம். மஞ்சள் மாத்திரை தின்றும் கனவு வராத ஒரே ஆள் நீதானாம், லிதியா ஆச்சரியப்படுகிறாள். உன் மனதில் நான் இல்லை, அதனால்தான் வரவில்லை என்று நான் சொல்கிறேன். இல்லையென்றால் நிரூபி. ஒரு கனவு கண்டு எழுதி அனுப்பு.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். உன் பழைய அளவுதான்.

உன் யரீன்கா


நேப்பிள்ஸ்
மார்ச் 28, 2004

என் புறாவே,

நீ அனுப்பிய ரத்தத் தாளின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் பிள்ளை போட்டோவைக் காட்டுவார்கள். என்னால் காட்ட முடியாது, ஆனால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு வர முடியாது. காகிதம் இல்லாதவன் எல்லையைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். நான் திரும்பவில்லை என்றால் உன் மாத்திரை நின்றுவிடும். இன்னும் ஒரு வருடம் பொறு. அங்கேயும் மருந்து வரப்போகிறதென்று பேசிக்கொள்கிறார்கள்.

பெண்கள் தினத்துக்கு இங்கே மஞ்சள் மிமோசாப் பூ கொடுக்கிறார்கள். ஒரு கொத்து ஒஸ்தாப்பிடம் கொடுத்தேனே, கிடைத்ததா? வழியில் உதிர்ந்திருக்கும். காம்பாவது வந்ததா?

கனவு கேட்டாய். முயற்சி செய்கிறேன்.

காலுறை சரியாக இருக்கிறது.

தெம்கோ


வெர்போவெ
செப்டம்பர் 22, 2004

தெம்யான்,

இந்த முறை முழுப்பெயர்தான்.

மருந்து நம் நகரத்துக்கும் வந்துவிட்டது. எல்லாருக்கும் இலவசம் என்று ரேடியோவில் சொன்னார்கள். இனி உனக்குத் தொந்தரவு வேண்டாம், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நீ ஊருக்கு வந்துவிடலாம் என்று நல்ல பாவாடை கட்டிக்கொண்டு மையத்துக்குப் போனேன். புது டாக்டர் ஒருவர். என் தாளைப் பார்த்தார். காவல்காரர்கள் நானூற்று முப்பது. தலையை ஆட்டினார். "உங்களுக்கு இப்ப தர முடியாதும்மா. இருநூறுக்குக் கீழ இறங்கினவங்களுக்குத்தான் மொதல்ல. உங்க ரத்தம் ரொம்ப நல்லா இருக்கு."

"மாத்திரை தின்னுதானே நல்லா இருக்கு?"

"எந்த மாத்திரை?"

சொன்னேன். இத்தாலியில் மனைவிக்கும் சேர்த்துக் கொடுக்கும் சட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படி ஒரு சட்டம் எங்கயும் கிடையாதும்மா. கண்ணுல பாக்காத ஆளுக்கு, ரத்தம் எடுக்காத ஆளுக்கு, ஒரு டாக்டர் எப்படி மாத்திரை எழுதுவாரு? உங்க வீட்டுக்காரர் எதைச் சாப்பிடறாரு?"

லிதியா என் பக்கம் வந்து தோளில் கை வைத்தாள். அந்தக் கை வந்ததும்தான் எனக்குப் புரிந்தது.

எட்டாவது வரை படித்தவள் நான். ஆனால் ஒரு டாக்டர், எட்டுக் குழாய் ரத்தம் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கு மாத்திரை கொடுப்பாரா என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வேண்டியது கிடைத்ததால் யோசிக்கவில்லை.

ஒஸ்தாப்பை மடக்கிக் கேட்டேன், "என் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?" கண்ணைத் திருப்பினான். "நல்லாத்தான் இருக்கான். கால்சட்டைய மட்டும் கயித்தால கட்டிக்கிட்டுத் திரியறான்."

இருபத்தைந்து ரயில் போகிற கேட்டில் பதினோரு வருடமாக ஒரு கோழியைக்கூட நான் அடிபட விட்டதில்லை. உன்னை விட்டிருக்கிறேன்.

யாருடைய மாத்திரையை நான் தின்றுகொண்டிருந்தேன்? இந்த மாத டப்பாவைத் திறக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீ சாப்பிடு. சாப்பிட்டதாக எழுது.

யரீனா


நேப்பிள்ஸ்
அக்டோபர் 10, 2004

யரீன்கா,

கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படி.

எனக்கென்று ஒரு டப்பாதான் கொடுத்தார்கள். அந்த முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தேன். பையில் உன் கடிதம். நூற்று நாற்பது என்று எழுதியிருந்தாய். நான் இருநூற்றுப் பத்து. கையில் ஒரு காசும் இல்லாதவளுக்கு முன்னால் பர்சைத் திறப்பது மாதிரி இருந்தது. பாதிப் பாதி பங்கிடலாம் என்று நினைத்தேன். டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள், பாதி தின்றால் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும், பிறகு எதுவும் கேட்காது என்று. அப்படியானால் இரண்டு பேரும் போவோம். ஒருவர் முழுதும் தின்ன வேண்டும். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? கொண்டு வந்தவன் நான்.

ஒன்றுகூட வாயில் போட்டதில்லை. நான் எழுதிய எண்ணெல்லாம் பொய். உன்னிடம் ஒதெஸாவைப் பற்றிச் சொல்லாமல் இருந்தேனே தவிர, பொய் சொன்னதில்லை. இதுதான் முதல்.

டாக்டரம்மாவை ஏமாற்ற முடியவில்லை. என் ரத்தத்தில் கிருமி இறங்கவே இல்லை. மருந்து கேட்கவில்லையோ என்று கிருமியையே வேறொரு பரிசோதனைக்கு அனுப்பினாள். தாள் வந்ததும் கதவைச் சாத்தினாள். அன்று கத்தவில்லை. "இந்தக் கிருமி இந்த மருந்தப் பாத்ததே இல்ல. வீட்டுல எத்தனை பேரு?" என்றாள். ஒரே ஒருத்தி என்றேன். மருந்துச் சீட்டை எடுத்தாள். "ரெண்டு பேருக்கும் நான் தர முடியாது. உனக்குத்தான் தர முடியும். நீ சாப்பிடணும்" என்றாள். சீட்டில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு மாதமும் அதையே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாள்.

இப்போது என்னுடையது முப்பத்தெட்டு. உண்மையான எண்.

அதனால்தான் சொல்கிறேன், இனி நான் தின்று என்ன? நீ நிறுத்தினால் லிதியா சொன்னதுபோல் அது வெளியே வரும். இருநூறுக்குக் கீழே போய், பட்டியலில் ஏறி, அவர்கள் கூப்பிடுவதற்குள் என்ன ஆகும்? டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாப்பிடு, என் புறாவே. உன் கன்னம் வந்திருக்கிறதென்று எழுதினாயே, அதைப் படித்த நாள் நான் இரண்டு தட்டு மக்ரோனி தின்றேன்.

தெம்கோ


வெர்போவெ
நவம்பர் 3, 2004

தெம்கோ,

நீ பேசிவிட்டாய். இப்போது நான்.

டப்பா வந்தது, இதோ திரும்ப வருகிறது. ஒஸ்தாப் கேட்கிறான், "இந்தக் காபி டப்பா என்னைவிட அதிகமா ஊர் சுத்துதே, குடிக்கவே மாட்டீங்களா ரெண்டு பேரும்?" சிரித்தேன். பிறகு கேட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆறு வாரமாக நான் மாத்திரை தொடவில்லை. நீ எத்தனை முறை அனுப்பினாலும் தொடமாட்டேன். என் எண் இறங்கட்டும். இறங்கினால்தான் பட்டியலில் ஏறுவேன். என் பெயரில் எனக்கென்று மாத்திரை வரும். அதுவரை தாங்குவேன், என்னிடம் நானூறு பேர் இருக்கிறார்கள், நீ சேர்த்துக் கொடுத்த ஆட்கள்தான். உன்னிடம் முப்பத்தெட்டுப் பேர்தான். அவர்களை வைத்துக்கொண்டு வீரம் பேசாதே.

ஒதெஸாவுக்காக என்றால், அதை நான் மன்னித்து ரொம்ப நாள் ஆகிறது. சொல்லத்தான் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் ஊருக்கு வர அவசரப்படமாட்டாய் என்று நினைத்தேன். பார், என் புத்தியை.

நீ வேண்டும் எனக்கு. ஆரோக்கியமான ரத்தத்தை வைத்துக்கொண்டு இந்தக் கட்டிலில் நான் தனியாக என்ன செய்ய? காலையில் கேட்டை இறக்கும்போது, அந்தப் பக்கம் நிற்கிற ஒவ்வொரு ஆளின் நடையையும் பார்க்கிறேன்.

ஒரே ஒரு வார்த்தை எழுது. "சாப்பிடுகிறேன்." அது போதும்.

யரீன்கா


நேப்பிள்ஸ்
ஜனவரி 9, 2005

யரீன்கா,

சாப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் படுத்து எழுதுவதால் கையெழுத்து கோணல். நெஞ்சில் கொஞ்சம் சளி. டாக்டரம்மா தினமும் வந்து கத்துகிறாள், அதனால் தேறிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கசகசாக் கோதுமைப் பொங்கல் வழியில் புளித்திருந்தது. தின்றேன்.

உன் கனவில் இன்னும் வருகிறேனா? மாத்திரை நிறுத்திவிட்டாய் அல்லவா, மறந்துவிட்டேன்.

தெம்கோ


வெர்போவெ
மார்ச் 8, 2005

தெம்கோ, என் தெம்கோ,

நாளை நாற்பதாம் நாள். நாளை வரை உன் ஆன்மா வீட்டைச் சுற்றியே இருக்கும், பிறகு போய்விடும் என்று பாதிரியார் சொன்னார். அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். உன் போட்டோவுக்கு முன்னால், ரொட்டித் துண்டு வைத்த வோட்கா கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்.

உன்னை ஒஸ்தாப்தான் கொண்டு வந்தான். பார்சல் எதுவும் ஏற்றாமல், இருக்கையெல்லாம் கழற்றி, உன்னை மட்டும் வைத்து மூன்று நாள் ஓட்டி வந்தான். கேட் அருகே வண்டி வந்தபோது ஏழு மணி ரயிலுக்காகக் கேட் இறங்கியிருந்தது. நான்தான் இறக்கியிருந்தேன். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவே ஐம்பத்திரண்டு பெட்டி போயிற்று. எண்ணினேன். அதன் பிறகுதான் கேட்டைத் தூக்கினேன். ஒரு நொடிகூட முன்னால் தூக்கவில்லை. அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு உடுத்திவிடும்போது மொத்ரியா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே, இவன் எடை எங்கடி போச்சு?" என்றாள். எங்கே போயிற்றென்று எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் என் கன்னத்தில் இருக்கிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரத்தசோகை இல்லை என்று. கையில் இருந்த பீட்ரூட் செம்போடு நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எதா இருந்தா என்ன, குடி" என்றாள்.

போன வாரம் ரத்தம் கொடுத்தேன். நூற்று எழுபது. லிதியாவால் என் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பட்டியலில் ஏறிவிட்டேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எனக்கு மாத்திரை, என் பெயர் எழுதிய டப்பாவில். நீ ஆசைப்பட்டது நடக்கிறது. நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அந்தக் காபி டப்பா வேனில் போய் வந்துகொண்டிருந்தது. நீயும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை. நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய், நான் உனக்கு விட்டுக்கொடுத்தேன். மருந்து ரோட்டில் இருந்தது. நம்மைப் போல முட்டாள்கள் யாராவது இருப்பார்களா?

உன் பையை நேற்றுத்தான் திறந்தேன். நான் பின்னிய காலுறை, புதிதாகவே இருந்தது. பெரிதாகிவிட்டதா உனக்கு? என் ரத்தத் தாள், மடிப்பெல்லாம் கிழிந்து. அடியில் காபி டப்பாக்கள், ஐந்து. ஒவ்வொன்றிலும் உன் கோணல் எழுத்தில் மாதத்தின் பெயர். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. என் பெயரும். சாப்பிடுகிறேன் என்று எழுதினாயே, தெம்கோ. நான் நம்பினேன். அந்த ஒரு வார்த்தையை அக்காவிடம் படித்துக் காட்டினேன், ஒஸ்தாப்புக்கு வோட்கா ஊற்றிக் கொடுத்தேன்.

நான்கு டப்பா முத்திரை உடையாமல் இருந்தது. லிதியாவிடம் கொடுத்துவிட்டேன். வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு ஒருத்தி நிற்கிறாள், பட்டியல் அவளை எட்டும் வரை ஆகும். நீ திட்டமாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவதை, ஜனவரி டப்பாவை, கொடுக்கவில்லை. அது திறந்திருந்தது. உன்னைத் திட்டியதெல்லாம் தப்பு, கடைசியில் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டேன். மேசையில் கொட்டி எண்ணினேன். வெள்ளை மாத்திரை அறுபது. ஒன்றும் குறையவில்லை. மஞ்சளை எண்ணினேன். இருபத்தொன்பது. முப்பது இருக்க வேண்டும். கீழே உருண்டதோ என்று பையை உதறினேன், காலுறைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மூன்று முறை எண்ணிவிட்டேன். இருபத்தொன்பதுதான்.

பிழைக்க வேண்டுமென்று தின்றிருந்தால் வெள்ளையையும் தின்றிருப்பாய். மஞ்சள் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. அது எதற்கென்று எனக்குத் தெரியும். நான்தானே கேட்டேன், ஒரு கனவு கண்டு காட்டு என்று.

இன்று பெண்கள் தினம். ஒஸ்தாப் காலையில் வந்தான். நேப்பிள்ஸிலிருந்து மிமோசாக் கொத்து, ஈரத் துணியில் சுற்றி, ஒரு பூகூட உதிராமல். நீட்டிவிட்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டான், "வியாழக்கிழமை கிளம்பறேன், தெம்கோவுக்குக் கடுதாசி இருக்கா?" கேட்டதும் அவன் முகம் போன போக்கு. நான் சொன்னேன், "இருக்கு ஒஸ்தாப், ஆனா உன் வண்டி அங்க போகாது."

ஆறு மணி ரயில் வருகிறது, எழுந்து போக வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஒரே ஒரு மஞ்சள் மாத்திரையைத் தின்று கண்ணை மூடினாயே, தெம்கோ, அன்று நான் வந்தேனா?